ஒரே பெயர், வேறு வேறு கோட்டை

முப்பதைத் தாண்டிய இரண்டு பேர், சின்ன வயதில் ஆடிய முதல் ஹாரி பாட்டர் வீடியோ கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு வாக்குவாதம் வந்துவிடும். ஒருவர் சொல்லும் இடத்தை மற்றவர் பார்த்தே இருக்கமாட்டார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

2001 நவம்பரில் முதல் ஹாரி பாட்டர் படம் வெளியானது. அதே மாதம் கேமும் கடைக்கு வந்தாக வேண்டும். படத்தின் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. ஒரே கல்யாணத்துக்கு மூன்று சமையல்காரர்களை வைத்ததுபோல, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. கம்ப்யூட்டருக்கு நோவொண்டர், பிளேஸ்டேஷனுக்கு லண்டனின் ஆர்கோநாட், கேம்பாய்க்கு கிரிப்டோநைட். பெயர் ஒன்றுதான். ஆனால் கம்ப்யூட்டரில் மந்திரம் கற்க மவுஸால் கோடு இழுக்க வேண்டும். கேம்பாய் கலரில் நீங்கள் ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று முறை வைத்துச் சண்டை. போதாக்குறைக்கு, பிளேஸ்டேஷன் 2 போன்ற மெஷின்களுக்கு 2003இல் அதே கதையை இன்னொரு குழு புதிதாகச் செய்தது. ஆக, ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் கோட்டையும் ஒன்றல்ல.

பிளேஸ்டேஷன் கேமில் வரும் தாடிக்கார ராட்சத மனிதர் ஹேக்ரிட்டின் முகத்தை இணையத்தில் கேலிப் படமாகப் பார்த்திருப்பீர்கள். தாடியும் கண்ணும் சப்பென்று ஒட்டிய காகிதம் மாதிரி இருக்கும். அது ஓவியரின் தவறு இல்லை. பிளேஸ்டேஷன் 1994இல் வந்த மெஷின். முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட். ஒரு முகத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் முக்கோணங்களை ஒதுக்க முடியும். மீதியை அவற்றின் மேல் படமாக ஒட்டிச் சமாளிப்பார்கள். நடக்கும்போது சுவர்கள் நடுங்கியதும் அந்த மெஷினால்தான்: புள்ளிகளின் இடத்தை அது தசம நுட்பத்தோடு கணக்கிடாது, முழு எண்ணுக்குத் தாவும்.

சரி, இவ்வளவு குறையுள்ள கேமை நினைத்து ஆடியவர்கள் இன்னும் ஏங்குவது ஏன்? என் கணிப்பு இது. புத்தகம் ஹாரியின் பின்னாலேயே நம்மை இழுத்துக்கொண்டு போகும்; அவன் நிற்காத இடத்தில் நாம் நிற்க முடியாது. கேமில் நிற்கலாம். வகுப்புக்குப் போகாமல் படிக்கட்டில் ஏறி இறங்கலாம், சுவருக்குப் பின்னால் ரகசிய அறை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கலாம், மிட்டாய் பொறுக்கலாம். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கித் தரும் வேலைகள்தான் எல்லாம்! ஏங்குவது கதைக்காக அல்ல, அந்த வெட்டி அலைச்சலுக்காக.

அந்த அலைச்சலில் புத்தகத்தில் இல்லாத விஷயங்களும் சேர்ந்துகொண்டன. எதிரியையும் கல்லையும் தள்ளிவிடும் 'ஃபிலிபெண்டோ' மந்திரம் நாவல்களில் எங்குமே கிடையாது, கேமுக்கென்று பிறந்தது. இசையும் அப்படித்தான். படத்துக்கு ஜான் வில்லியம்ஸ். முதல் நான்கு கேம்களுக்கு ஜெரமி சோல் தனியாக இசையமைத்தார், பின்னாளில் ஸ்கைரிம் என்ற கேமுக்கு இசையமைத்த அதே மனிதர். மணிக்கணக்காக அலைகிற பிள்ளையின் காதில் அந்த மெட்டுகள் திரும்பத் திரும்ப விழும். கேம் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஹாக்வார்ட்ஸ் என்றால் முதலில் சோலின் மெட்டு ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

அலைச்சலுக்காகத்தான் ஏக்கம் என்ற கணிப்பை மறுபக்கத்திலிருந்தும் சோதிக்கவேண்டும், முடிவு எனக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2005இல் வந்த நான்காவது கேம் முந்தையவற்றைவிடப் பளபளப்பானது. ஆனால் கோட்டையில் இஷ்டத்துக்குத் திரிய முடியாது. கட்டம் கட்டமாக முடித்துக்கொண்டே போக வேண்டும். அதை நினைத்து உருகுபவரை நான் பார்த்ததில்லை. 2007இல் ஐந்தாவது கேம் படத்தின் அரங்குகளைப் பார்த்துக் கோட்டையைக் கட்டி, கதவுகளைத் திறந்துவிட்டது. கதை சொல்லும் விதம் சுமார்தான், இருந்தும் அதற்கு இன்றும் ஆதரவாளர்கள் உண்டு.

2023இல் வந்த ஹாக்வார்ட்ஸ் லெகசி என்ற கேமில் ஹாரியே இல்லை. கதை நடப்பது 1890இல். அவன் நண்பர்கள் ரானும் ஹெர்மாயினியும் பிறக்கவே இல்லை. கையில் இருப்பது கோட்டையும் அதைச் சுற்றி நடக்க நேரமும்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் 2.2 கோடிப் பிரதிகள் விற்றன.