இ-சைக்கிளில் ஆரோவில் காட்டுப் பாதை... லைசென்ஸ் வேணுமா? சார்ஜ் தாங்குமா? போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வீக் எண்ட் ஆனாலே சென்னைக்காரர்கள் பாதிப் பேர் இசிஆரில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பாண்டிச்சேரி கடற்கரையில் ஒரு செல்ஃபி, பீச் ரோட்டில் ஒரு காபி என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, செம்மண் பாதையில் மரநிழலிலேயே ஒரு நாள் முழுக்க சைக்கிள் ஓட்டலாம். மூச்சு வாங்காமல் ஓட்ட இ-சைக்கிளும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இ-சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. இந்த அளவைத் தாண்டினால் அது பைக்தான். ஆன்லைனில் 'சைக்கிள்' என்ற பெயரில் 40 கி.மீ. வேகத்தில் பறக்கும் வண்டிகளும் விற்கிறார்கள். பெடல் இருப்பதாலேயே அது சைக்கிள் ஆகிவிடாது. போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஹெல்மெட் கட்டாயமோ இல்லையோ, மாட்டிக்கொள்ளுங்கள். மண் சறுக்கினால் சட்டம் வந்து தூக்கிவிடாது.

சார்ஜ் எவ்வளவு தூரம் தாங்கும்?

எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். விளம்பரத்தில் சொல்லும் தூரம் தார் ரோட்டுக்கான கணக்கு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்குங்கள், 360 வாட்-ஹவர் வரும். நாமும் பெடல் போட்டு, மோட்டாரும் கொஞ்சம் தள்ளிவிட்டால் சமதளத் தார் ரோட்டில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-ஹவர் செலவாகும். அப்படியென்றால் 36 கி.மீ. போகலாம். அதுவே மணல் பாவிய செம்மண் பாதை என்றால் 15 ஆகிவிடும், தூரம் 24 கிலோமீட்டராகக் குறையும். காலை ஆட்டாமல் த்ராட்டிலை மட்டும் திருகினால் அதுவும் வராது.

இப்போது பாண்டிச்சேரியிலிருந்தே ஓட்டிக்கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். போக வர மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல். காட்டுக்குள் சுற்ற மிச்சம் என்ன இருக்கும்? அதனால் வண்டியை அங்கேயே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் ஆறேழு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். போன முறை நான் இந்தக் கணக்கைப் போடாமல் போய், கடைசி மூன்று கிலோமீட்டர் இருபது கிலோவுக்கு மேல் கனக்கிற வண்டியை மணலில் மிதித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ஆபீஸ் படிக்கட்டு ஏறும்போதுதான் முழங்கால் கணக்குச் சொல்லிக்கொடுத்தது.

அங்கே காடு எப்படி வந்தது?

1968 பிப்ரவரி 28-ம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டில் காடு இல்லை. மழை பெய்தால் செம்மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் கடலுக்கு ஓடும், அந்த அரிப்பில் உண்டான பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். பக்கத்தில் இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது, சம்பந்தர் பாடிய தலம். அங்கே கோயிலில் ஆடிய பெண்ணின் காலிலிருந்து கழன்ற சிலம்பை எடுத்து மாட்டிவிட்டார் கடுவெளிச் சித்தர். ஊர் சிரித்தது. அவர் கோபத்தில் பாட லிங்கம் வெடித்தது, மண் பாலையாகப் போகும் என்று சாபம் விழுந்தது. தோண்டியைப் போட்டு உடைத்த ஆண்டியின் பாட்டு தெரியும்தானே? அதைப் பாடியவர் இவர்தான். பேட்டரியில் சார்ஜ் இருந்தால் இரும்பையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாபமோ மண்ணரிப்போ, அதை மாற்றியது வரப்புதான். முதலில் வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்து வயலைச் சுற்றி மண்கரை கட்டி, மழைத் தண்ணீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். அப்புறம் எந்த மண்ணிலும் வளரும் கத்திச்சவுக்கு போன்றவற்றை நட்டார்கள். அந்த நிழலில், இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களான வீரை, காசா, கருங்காலி, பாலை எல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. நீங்கள் சைக்கிளில் போகும்போது பக்கத்தில் நீளமாகத் தெரியும் மண் மேடு அந்த வரப்புதான். குறுக்கு வழி என்று அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். டயர் தடத்தில் கரை உடைந்தால் அடுத்த மழையில் அதன் வழியாகத்தான் தண்ணீர் ஓடும்.

எங்கே வேணாலும் போகலாமா?

போக முடியாது. பல தோப்புகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பெயர்ப்பலகை இருக்கும் பொதுப் பாதையில் மட்டும் ஓட்டுங்கள். இ-சைக்கிளில் சத்தமே வராது என்பதால் முன்னால் நடப்பவருக்கு நீங்கள் வருவது தெரியாது. பத்தடி தூரத்திலேயே மணியடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சக்கரத்தில் சேறு அப்பிக்கொள்ளும், தை, மாசிதான் சுகம்.

இங்கே ஓட்டிய தைரியத்தில் அடுத்த வாரம் ஜவ்வாது மலைக்கோ முதுமலைக்கோ இதே வண்டியோடு போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024-ல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து ஆன்லைன் முன்பதிவு கொண்டுவந்தது. ஆனால் அது நடந்து போகிறவர்களுக்கு.

பழைய மேப்பை நம்பலாமா?

ஆரோவில் திட்டத்தில் மாத்ரிமந்திரைச் சுற்றி 'கிரவுன்' என்ற வட்டச் சாலை உண்டு. 2021 டிசம்பரில் அதற்காக ஜேசிபி இறங்கி மரங்கள் சாய்க்கப்பட்டன. ஆரோவில்வாசிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு 'நகரம் கட்டத்தானே வந்தோம்' என்றது, இன்னொரு தரப்பு 'ஐம்பது வருஷம் வளர்த்த காடு' என்றது. 2022 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பணிகளுக்குக் கடிவாளம் போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்துக்கு இதில் அதிகார வரம்பே இல்லை என்று சொல்லி அந்த உத்தரவை ரத்து செய்தது.

ஆகவே நண்பர் அனுப்பிய பழைய ரூட் மேப்பில் நிழல் பாதை என்று இருக்கும் இடம் நீங்கள் போகும்போது அகலச் சாலையாகவும் இருக்கலாம். பார்வையாளர் மையத்தில் இன்றைய வழியைக் கேட்டுவிட்டு, பேட்டரி பாதியைத் தொடும்போது வண்டியைத் திருப்பிவிடுங்கள்.