'அஜைல்'னா என்ன? ஆர்.கே.பேட்டை தறியை வைத்தே புரிஞ்சுக்கலாம்!

ஐடி கம்பெனிகளில் அடிக்கடி அடிபடும் வார்த்தை 'அஜைல்'. அப்படின்னா என்ன?

திருத்தணி அருகே விசைத்தறிகள் ஓடும் ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கி, மொத்த நூலுக்கும் சாயம் போட்டு நெய்து முடித்த பிறகு, 'கலர் சரியில்லை' என்று வியாபாரி சொன்னால்? அத்தனையும் நஷ்டம். முதலில் சாம்பிள் நெய்து காட்டினால், நஷ்டம் சில மீட்டரோடு போகும்.

இதுதான் அஜைல். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி இதன் கொள்கைகளை எழுதினர்.

எப்படிச் செய்வது?

* எது அவசரம் என்று பார்த்து வேலைகளைப் பட்டியல் போடுங்க.
* சிலவற்றை மட்டும் எடுத்து, ஒரு மாதத்துக்குள் முடிங்க. இதுதான் 'ஸ்பிரிண்ட்'.
* தினமும் 15 நிமிடம் கூடி, வேலை எங்கே நிற்குதுன்னு பேசுங்க.
* முடிந்ததை வாடிக்கையாளரிடம் காட்டுங்க. அவர் கேட்கும் மாற்றத்தைப் பட்டியலில் சேருங்க. ஓடும் ஸ்பிரிண்டுக்குள் திணிக்காதீங்க.