சிகிச்சையை மறுத்தால் செலவு குறையுமா?

நாட்பட்ட நோயுள்ள ஒருவரிடம் காப்புறுதியும் இல்லை, பணமும் இல்லை. அவருக்கு அரச பணத்தில் சிகிச்சை அளிக்க வேண்டுமா? "வேண்டாம், மக்களின் வரிப்பணம் மிச்சமாகும்" என்பது விவாத மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். இது சரியா, பிழையா என்பதைக் கணக்குப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான உதாரணம், ஐக்கிய அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழந்த, காப்புறுதி அற்ற நோயாளர்களின் நிலையாகும். அதனை இங்கு படிப்படியாக நோக்குவோம்.

1. விளங்கிக்கொள்ள வேண்டிய சொற்கள்

நாட்பட்ட நோய்: நீண்ட காலம் நீடிக்கும் நோய். பெரும்பாலும் முற்றாகக் குணமாகாது. ஆனால் ஒழுங்கான சிகிச்சையால் கட்டுப்படுத்தலாம். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், ஆஸ்துமா, நாட்பட்ட சிறுநீரக நோய் என்பன உதாரணங்களாகும்.

சுகாதாரக் காப்புறுதி: குறித்த கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தி வருபவருக்கு நோய் வந்தால், வைத்தியச் செலவின் பெரும்பகுதியைக் காப்புறுதி நிறுவனமோ அரச திட்டமோ ஏற்கும் முறை.

குருதிச் சுத்திகரிப்பு: சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியிலிருந்து கழிவுகளையும் மேலதிக நீரையும் இயந்திரத்தின் உதவியுடன் அகற்றும் சிகிச்சை. பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் செய்யப்படும்.

2. ஐக்கிய அமெரிக்காவின் முறை

நமது நாட்டில் அரச வைத்தியசாலைக்குச் செல்பவரிடம் காப்புறுதி அட்டை கேட்பதில்லை. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு பெரும்பாலானோர் தொழில் வழங்குநர் மூலமோ, சொந்தமாகவோ காப்புறுதி பெறுகின்றனர். 65 வயதைக் கடந்தோருக்கு மெடிகெயர், வருமானம் குறைந்தோருக்கு மெடிகெயிட் என அரச திட்டங்கள் உள்ளன. இவை எதிலும் சேராதோரும் உள்ளனர். 2023 ஆம் ஆண்டில் இவ்வாறு காப்புறுதி அற்றிருந்தோர் சுமார் 26 மில்லியன் பேர். இவர்களுள் உரிய குடிவரவு ஆவணங்கள் இல்லாத தொழிலாளரும் அடங்குவர். 2010 ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்புறுதிச் சீர்திருத்தச் சட்டமும் அவர்களை உள்ளடக்கவில்லை.

3. இரண்டு சட்டங்கள், இடையில் ஓர் இடைவெளி

முதலாவது 1972 ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு முன் அமெரிக்காவில் சுத்திகரிப்பு இயந்திரங்கள் குறைவு, செலவோ அதிகம். பணம் இல்லாதோர் இறந்தனர். 1971 இல் ஒரு நோயாளி காங்கிரஸ் குழுவின் முன்னிலையிலேயே இயந்திரத்துடன் இணைக்கப்பட்டுச் சாட்சியம் அளித்தார். அடுத்த ஆண்டில், சிறுநீரகம் செயலிழந்தோர் எவ்வயதினராயினும் மெடிகெயர் திட்டத்தில் சேர வழி செய்யப்பட்டது. எனினும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு உரிய காலம் பங்களித்தோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்குமே அது உரியது. ஆவணம் அற்றோர் இதற்கு வெளியே நின்றனர்.

இரண்டாவது 1986 ஆம் ஆண்டின் சட்டம். பணம் இல்லை என்பதற்காக, உயிராபத்தான நிலையில் வரும் எவரையும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு திருப்பி அனுப்பக்கூடாது. அவரது நிலை சீராகும் வரை சிகிச்சை அளிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழந்த, காப்புறுதி அற்ற ஒருவருக்கு வாராந்தச் சுத்திகரிப்புக்கு உரிமை இல்லை. அவர் சாகும் நிலைக்கு வந்தால் மட்டும் சிகிச்சை உண்டு. டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் இதுவே நடைமுறையாயிற்று. இதனை "அவசரநிலைச் சுத்திகரிப்பு" எனலாம்.

4. நோயாளிக்கு நேர்வது

சுத்திகரிப்பு இல்லாமல் நாட்கள் கடக்கும்போது உடலில் நீர் சேர்கிறது. நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டுகிறது. குருதியில் பொட்டாசியம் கூடி, இதயத் துடிப்பு நின்றுவிடும் அபாயம் ஏற்படுகிறது. அந்நிலையில் நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். அங்கு குருதியைப் பரிசோதிக்கின்றனர். ஆபத்து போதிய அளவு இருந்தால் சுத்திகரிப்பு; இல்லையேல் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போகாதிருக்கவென்று, பொட்டாசியம் மிகுந்த உணவைத் தெரிந்தே உண்டு வந்த நோயாளர்களும் உள்ளனர். சிகிச்சை பெறுவதற்காகவே நோயை முற்றச் செய்யவேண்டிய நிலை அது.

டென்வர் நகர வைத்தியர் லிலியா செர்வாண்டிஸ் தலைமையிலான ஆய்வொன்று 2018 இல் வெளியானது. ஆவணம் அற்ற 211 நோயாளர்கள் அதில் ஒப்பிடப்பட்டனர். டென்வரிலும் ஹியூஸ்டனிலும் இருந்தோருக்கு அவசரநிலைச் சுத்திகரிப்பே கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் இருந்தோருக்கு ஒழுங்கான சுத்திகரிப்பு கிடைத்தது. ஐந்து ஆண்டுகளில் இறக்கும் அபாயம் முதற்பிரிவினருக்குச் சுமார் 14 மடங்கு அதிகமாக இருந்தது. வைத்தியசாலையில் அவர்கள் தங்கிய நாட்களோ ஏறக்குறைய 10 மடங்கு.

5. செலவுக் கணக்கு

இனி, நமது வினாவுக்கு வருவோம். இத்தனை துன்பத்தின் பின்னும் பணமாவது மிச்சமானதா?

ஹியூஸ்டன் (2007 இல் வெளியான சிறிய ஆய்வு), ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டுச் செலவு:
அவசரநிலைச் சுத்திகரிப்பு – 284,655 டொலர்
ஒழுங்கான சுத்திகரிப்பு – 76,906 டொலர்
வேறுபாடு – 207,749 டொலர் (சுமார் 3.7 மடங்கு)

டலஸ் (2019 இல் வெளியான ஆய்வு): அவசரநிலைச் சுத்திகரிப்பில் இருந்த 181 பேருள் 105 பேருக்கு 2015 இல் தனியார் காப்புறுதி கிடைத்து, ஒழுங்கான சிகிச்சைக்கு மாறினர். ஏனைய 76 பேர் பழைய நிலையிலேயே இருந்தனர்.
ஓர் ஆண்டில் இறந்தோர் – மாறியவர்களுள் 3%, மாறாதவர்களுள் 17%
மாறியவர்களின் செலவு – ஒருவருக்கு மாதம் 5,768 டொலர் குறைவு

மாதம் 5,768 டொலர் எனில், ஆண்டுக்கு 5,768 × 12 = 69,216 டொலர். இதே வேறுபாட்டை நூறு நோயாளருக்குக் கணித்தால் 6,921,600 டொலர்.

6. செலவு கூடுவது ஏன்?

(அ) ஒரே சிகிச்சை, விலை கூடிய இடம். கிளினிக்கில் நாற்காலியில் இருந்து முடிக்கக்கூடிய சுத்திகரிப்பு, அவசர சிகிச்சைப் பிரிவிலும் விடுதியிலும், சில வேளை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நடக்கிறது. ஒவ்வொரு வருகையிலும் குருதிப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, கட்டில், இரவுக் கடமைத் தாதியர் என்று செலவு சேர்கிறது.

(ஆ) செலவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. காப்புறுதித் திட்டத்தின் கணக்கில் எழுதப்படாத தொகை வைத்தியசாலையின் கணக்கில் எழுதப்படுகிறது. ஹியூஸ்டன், டலஸ் நகரங்களின் பொது வைத்தியசாலைகளுக்கு உள்ளூர் மக்களின் சொத்து வரியிலிருந்து பணம் கிடைக்கிறது. அவசர மெடிகெயிட் கொடுப்பனவும் வரிப்பணமே. ஆகவே இறுதியில் கொடுப்பவர் வரி செலுத்துபவர்தான்.

(இ) ஏனைய நோயாளரும் பாதிக்கப்படுகின்றனர். விபத்தில் காயமடைந்தவரும் மாரடைப்பு ஏற்பட்டவரும் அதே பிரிவில், அதே கட்டிலுக்காகக் காத்திருக்க நேரிடும்.

(ஈ) உழைப்பு இழக்கப்படுகிறது. வாரந்தோறும் சாவின் விளிம்புக்குச் சென்று மீள்பவரால் ஒழுங்காக வேலைக்குப் போக முடியாது. குடும்பத்தின் வருமானம் நின்றுபோகிறது.

(உ) வைத்தியர், தாதியரின் மனம் சோர்கிறது. உதவ வழியிருந்தும் "இன்னும் நோய் முற்றவில்லை" என்று திருப்பி அனுப்பவேண்டிய நிலை தம்மைப் பாதிப்பதாகப் பலர் ஆய்வாளரிடம் கூறியுள்ளனர்.

மேலும், செலவு தொடங்கும் இடம் சுத்திகரிப்பு அன்று. அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழக்க முதன்மையான காரணங்கள் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் ஆகும். காப்புறுதி இல்லாதவர் இவற்றுக்கான மாத்திரையையும் பரிசோதனையையும் தள்ளிப்போடுகிறார். சில ஆண்டுகளின் பின் சிறுநீரகம் பழுதடைந்து வருகிறார்.

7. மறுதரப்பு வாதங்கள்

நல்ல கட்டுரை ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாது. மறுதரப்பினர் கூறுவன:

"நிதி எல்லையுள்ளது, பங்களிக்காதவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" இது நியாயமான வினா. ஆனால் 1986 ஆம் ஆண்டின் சட்டப்படி சாகும் தறுவாயில் வருபவரை விரட்ட முடியாது. எனவே இங்குள்ள தெரிவு செலவழிப்பதா, விடுவதா என்பதன்று. குறைவாகச் செலவழித்து உயிரைக் காப்பதா, அதிகமாகச் செலவழித்தும் உயிரை இழப்பதா என்பதே தெரிவு.

"ஒழுங்கான சிகிச்சை பெறுபவர் நீண்ட காலம் வாழ்வார், அவ்வளவு காலமும் செலவாகும்." இதுவும் உண்மை. எல்லாச் சிகிச்சையும் பணத்தை மிச்சப்படுத்தும் என்று எழுதுவது பிழை. ஆண்டுச் செலவு குறைகிறது என்பதே மேற்கண்ட கணக்குகள் காட்டுவது. ஒருவர் சீக்கிரம் இறப்பதால் வரும் மிச்சத்தை மிச்சம் என்று கொள்ளலாமா என்பது பணக் கணக்குக்கு அப்பாற்பட்ட, மனிதாபிமானம் சார்ந்த வினாவாகும்.

8. ஏற்பட்ட மாற்றம்

கொலராடோ மாநிலம் 2019 பெப்ரவரியில் தனது விதியை மாற்றியது. சிறுநீரகம் செயலிழந்த நிலையே அவசரநிலை என ஏற்று, ஒழுங்கான சுத்திகரிப்புக்கும் அவசர மெடிகெயிட் நிதியிலிருந்து பணம் வழங்கத் தொடங்கியது. புதிய வைத்தியசாலையோ புதிய மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை. "அவசரம்" என்ற ஒரு சொல்லின் வரைவிலக்கணமே மாற்றப்பட்டது.

நினைவிற் கொள்க

• நாட்பட்ட நோய்க்கான சிகிச்சையை மறுப்பதால் நோய் மறைவதில்லை. முற்றிய நிலையில் திரும்பி வருகிறது.
• செலவு ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறுகிறது, மாறும்போது பெருகுகிறது.
• "மிச்சம்" என்ற சொல்லைக் கண்டால் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: யாருடைய கணக்கில் மிச்சம்? எவ்வளவு காலத்துக்கு மிச்சம்?

பயிற்சி வினாக்கள்

1. நாட்பட்ட நோய் என்றால் என்ன? இரண்டு உதாரணங்கள் தருக.
2. 1972, 1986 ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளியை விளக்குக.
3. மாதம் 5,768 டொலர் வேறுபாடு எனில், 40 நோயாளருக்கு ஆறு மாதங்களில் ஏற்படும் வேறுபாடு எவ்வளவு? (விடை: 1,384,320 டொலர்)
4. "சிகிச்சையை மறுப்பது வரிப்பணத்தைச் சேமிக்கும்." இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ 200 சொற்களில் எழுதுக.

நான்காம் வினாவுக்கான குறிப்பு: முதற்பந்தியில் உங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுங்கள். இரண்டாம் பந்தியில் ஓர் எண்ணையேனும், அது எந்த ஊருக்கு உரியது என்பதுடன் தாருங்கள். மூன்றாம் பந்தியில் மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்றை எடுத்துப் பதில் கூறுங்கள். உணர்ச்சிச் சொற்களை அடுக்குவதால் புள்ளிகள் கூடமாட்டா. ஆனால் எண்களுக்குப் பின்னால் மனிதர் இருக்கின்றனர் என்பதை முடிவுரையில் ஒரு வாக்கியத்திலேனும் எழுதுங்கள்.