குட்டி யானை பிறந்த கதை

ஒரு வாலிபருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் ஒரு மோட்டார் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது!

டாடா மோட்டார்ஸ் கம்பெனியின் லாரிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ரவிகாந்த். அவர் மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டும் வாலிபர் ஒருவரிடம் பேசினார். நான்கு சக்கர வண்டிதான் வேண்டும் என்று அந்த வாலிபர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் என்று ரவிகாந்த் கேட்டார். நான்கு சக்கரம் இருந்தால் ஊரில் பெண் கொடுப்பார்கள் என்று பதில் வந்தது! இதைப் பிற்காலத்தில் ரவிகாந்தே சொல்லியிருக்கிறார்.

அந்த வாலிபரைப் போன்றவர்களுக்காகப் பிறந்த வண்டிதான் "டாடா ஏஸ்". அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. "குட்டி யானை" என்றால் குழந்தைக்கும் தெரியும். வடக்கே "சோட்டா ஹாத்தி" என்கிறார்கள். பொருள் ஒன்றுதான்.

ரூ.500 கோடி நஷ்டம்

2000-2001ம் ஆண்டில் லாரி விற்பனை படுத்துவிட்டது. டாடா கம்பெனிக்குச் சுமார் ரூ.500 கோடி நஷ்டம். பெரிய லாரியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்தது.

சின்ன வண்டி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு கிரிஷ் வாக் என்ற இளம் என்ஜினீயரிடம் வந்தது. அவருடைய ஆட்கள் படம் வரைவதற்கு முன்னால் மூன்று சக்கர வண்டிக்காரர்களைத் தேடிப் போனார்கள். என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

வண்டிக்காரர்களின் ஆசை பெரியது அல்ல. கூடுதலாகச் சுமை ஏற்ற வேண்டும். டீசல் குறைவாகக் குடிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பயமில்லாமல் போக வேண்டும். சந்து பொந்திலும் நுழைய வேண்டும். விலையோ, மூன்று சக்கர வண்டியைவிட ரொம்ப ஏறிவிடக் கூடாது!

பாதியாக வெட்டிய என்ஜின்

விலையில்தான் சிக்கல். புதிதாக ஒரு என்ஜினை உருவாக்கப் பல கோடி ரூபாய் செலவாகும். அந்தச் செலவு கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

என்ஜினீயர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். அதே கம்பெனியின் "இண்டிகா" காரில் 4 சிலிண்டர் டீசல் என்ஜின் இருந்தது. அதன் அளவு 1,405 சி.சி. அதைப் பாதியாக்கினார்கள்! 2 சிலிண்டர், 702 சி.சி. புது வண்டிக்கு என்ஜின் கிடைத்துவிட்டது.

அந்த என்ஜினின் பலம் 16 குதிரைச் சக்தி. இன்று சில மோட்டார் சைக்கிள்களுக்கே அதைவிட அதிகம் உண்டு. ஆனால், மோட்டார் சைக்கிள் வேகத்துக்காகச் செய்தது. இது இழுப்பதற்காகச் செய்தது. வேகம் குறைவு, இழுவை அதிகம். யானை நடைதான்!

என்ஜினை இருக்கைக்குக் கீழே வைத்தார்கள். அதனால் முன்னால் இடம் வீணாகவில்லை. வண்டியின் நீளம் 12½ அடிதான். அதில் 7 அடிக்கு மேல் சுமைக்கே கிடைத்தது. லாரியில் உள்ளது போலக் கமான் பட்டை போட்டார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அது தாங்கும். கைப்பிடிக்குப் பதில் வட்டமான ஸ்டீரிங். இரண்டு பக்கமும் கதவு. மழையில் நனையாமல் ஓட்டலாம். பணக்காரருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆண்டுக்கணக்கில் நனைந்துகொண்டே ஓட்டியவருக்கு அப்படி அல்ல.

2005 மே மாதம் வண்டி வெளிவந்தது. விலை சுமார் ரூ.2¼ லட்சம்.

சொந்தக்காரர் கணக்கு

குட்டி யானையை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். ஓட்டுகிறவரும் அவரே, முதலாளியும் அவரே. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி நான்கு நாள் பட்டறையில் நின்றால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

ஆகவே, இந்த வண்டியை அவர்கள் அழகுக்காகப் புகழ்வதில்லை. மூன்று சக்கர வண்டி அரை டன் இழுத்த இடத்தில், இது முக்கால் டன் இழுக்கிறது. இரண்டு நடை அடிக்க வேண்டிய காய்கறி மூட்டைகள் ஒரே நடையில் கடைக்குப் போய்ச் சேருகின்றன. பகலில் பெரிய லாரியை உள்ளே விடாத ஊர்களிலும் இது கடைவீதி வரை போகிறது. இந்தக் கணக்குதான் அவர்களுக்குப் பிடித்தது.

குறை இல்லையா? உண்டு. இரண்டு சிலிண்டர் என்ஜின் அதிரும், சத்தம் போடும். சுமையோடு மேடு ஏறும்போது பின்னால் வருகிற பஸ்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடிப்பார்.

அதைவிடப் பெரிய குறை வண்டியில் இல்லை, ஏற்றுகிறவரிடம் இருக்கிறது. 750 கிலோ என்பது 50 கிலோ அரிசி மூட்டையில் 15 மூட்டை. சிலர் 25 மூட்டை அடுக்குகிறார்கள்! பின்பக்கம் அழுந்துகிறது. முன் சக்கரத்துக்குப் பிடி குறைகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பச் சுணங்குகிறது. பிரேக்கை மிதித்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. பத்து மூட்டைக்குக் கிடைக்கும் அதிகக் கூலி, தேய்ந்த டயருக்கும் ஒடிந்த கமான் பட்டைக்கும் போய்விடுகிறது. உயிருக்கும் ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகும் வண்டி நன்றாக விற்றது. 2017ம் ஆண்டுக்குள், அதாவது 12 ஆண்டுகளில், 20 லட்சம் வண்டிகள் விற்றன. 2022ல் மின்சாரக் குட்டி யானையும் வந்தது.

பெண் கிடைக்கவில்லை என்று சொன்ன அந்த வாலிபருக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா? யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், இன்று நம் ஊர்களில் கல்யாணம் என்றால் கட்டில், மெத்தை, பீரோ, குத்துவிளக்கு, அண்டா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பது பெரும்பாலும் குட்டி யானைதான்!