வலேரியனும் 1986 ஆம் ஆண்டும்

சித்திரக்கதை என்றவுடன் அது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஆனால் நாற்பதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்த ஒரு விஞ்ஞானச் சித்திரக்கதையின் கற்பனையை உண்மைக் காலம் எட்டிப் பிடித்தபோது என்ன நடந்தது என்று அறிந்தால் அவர்கள் கருத்து மாறக்கூடும். பிரான்சு நாட்டில் தோன்றிய 'வலேரியன்' தொடரை அண்மையில் ஆங்கில மொழிபெயர்ப்பில் மீண்டும் படித்தேன். முன்பு விண்கலங்களும் விந்தை உயிர்களுமே என்னைக் கவர்ந்தன. இம்முறை ஓர் ஆண்டு எண் என்னை நிறுத்திவிட்டது.

இத்தொடர் 1967 நவம்பரில் 'பிலோத்' என்னும் வார இதழில் தொடங்கியது. கதை எழுதியவர் பியேர் கிறிஸ்தான். படம் வரைந்தவர் ழான் குளோத் மெசியேர். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கிய பதுங்கிடத்தில் சிறுவர்களாகச் சந்தித்துக்கொண்டவர்கள் இவ்விருவரும். கதைத்தலைவன் வலேரியன் 28 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்து, கலாக்சிட்டி என்னும் தலைநகரின் நலனைக் காப்பது அவன் பணி. அவனோடு பணியாற்றும் லோர்லீன், 11 ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் நாட்டுப்புறப் பெண். முதல் கதையோடு விடைபெற இருந்த அவளை நிலைக்கச் செய்தது வாசகர்களின் விருப்பமே.

1968 இல் வெளிவந்த ஒரு கதை, 1986 இல் நிகழும் அழிவைக் கூறுகிறது. வட துருவத்தில் அணுகுண்டு வெடிப்பு, பனி உருகுகிறது, நியூயார்க் நீரில் மூழ்குகிறது. அந்த அழிவுக்குப் பின் எழுந்ததே கலாக்சிட்டி. எழுதியபோது 1986 வெகு தொலைவில் இருந்தது. தொடரோ நின்றபாடில்லை, அந்த ஆண்டு நெருங்கிவிட்டது!

ஆசிரியர்கள் என்ன செய்வது? ஆண்டை ஓசைப்படாமல் தள்ளிப் போட்டிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. 1984, 1985 ஆம் ஆண்டுகளில் வந்த இரு நூல்களில் அச்சிக்கலையே கதையாக்கினார்கள். பேரழிவு தவிர்க்கப்படுகிறது. எனவே அதன் விளைவாகத் தோன்ற வேண்டிய கலாக்சிட்டியும் மறைந்துபோகிறது. வலேரியனும் லோர்லீனும் திரும்பிச் செல்ல வீடில்லாதவர்கள் ஆகின்றனர். 1988 இல் வந்த நூலில், கலாக்சிட்டியை இழந்த மற்றொருவன் அதை மீட்க அணுப்போரையே மூட்ட முயல்கிறான். வலேரியன் அவனை எதிர்த்து நிற்கிறான். தன் ஊரும் அதனால் திரும்பக் கிடைக்கும் என்பதை அறிந்தே எதிர்க்கிறான்.

விஞ்ஞானக் கதைகளில் தலைவன் எதிர்காலத்தைக் காப்பதைக் கண்டிருக்கிறோம். நம்முடைய சாதாரண உலகம் பிழைத்திருக்கத் தன் எதிர்காலத்தையே இழப்பவனை இங்கே காண்கிறோம். உண்மை உலகில், 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தது. ஆண்டு ஒத்துப்போனது தற்செயலே. ஆயினும் பதுங்கிடத்தில் வளர்ந்த அவ்விருவரின் அச்சம் வெறும் கற்பனை என்று யார் சொல்ல முடியும்?

தொடரின் மூலக்கதை 2010 இல் நிறைவுற்றது. மெசியேர் 2022 இலும், கிறிஸ்தான் 2024 இலும் மறைந்தனர். படிக்க விரும்பும் நண்பர்கள் வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டுகிறேன். கலாக்சிட்டியில் சில காலம் வாழ்ந்த பின்னரே, அதன் இழப்பு எத்தகையது என்பது விளங்கும்.