குளத்து மீனுக்கு விறகா, கரியா?

சிறுபோக அறுவடை முடிந்து, ஆவணி புரட்டாதி மாதங்களில் வன்னிக் குளங்களின் நீர் வற்றி இறங்கும்போது மீன் மிகுதியாய் அகப்படுகின்றது. 1952-ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று உள்நாட்டுக் குளங்களிற் பெருகியுள்ளது. விராலும் கெளிறும் அவற்றோடு வலையில் விழுகின்றன. மலிவாய்க் கிடைக்கும் இம்மீனில் ஒரு பகுதி சட்டிக்குப் போகுமுன்னரே கெட்டுவிடுகின்றது. வெயிலிற் கிடந்த மீன் சில மணித்தியாலங்களுள் அழுகத் தொடங்கும். அன்றைக்கு வேண்டியதைச் சுட்டுண்டு, மிஞ்சியதைப் புகையூட்டிப் பேணிக்கொள்ளும் கமக்காரக் குடும்பத்துக்கு விதைப்புக் காலம் வரையிற் கறிச்செலவு குறையும்.

இவ்விரு வேலைகளுக்கும் விறகு நல்லதா, கரி நல்லதா என்பது அடிக்கடி எழும் வினா. சுடுவதற்குக் கரியும் புகையூட்டுவதற்கு விறகும் ஏற்றவை என்பதே சுருக்கமான விடை. ஆயினும் எந்தக் கரி, எந்த விறகு என்பதிலேதான் இலாபமும் நட்டமும் அடங்கியுள்ளன.

விறகு எரியும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. அப்பால் 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மரத்தின் பொருள்கள் சிதைந்து புகையாய் எழுகின்றன. மீனுக்கு மணமும் பொன்னிறமும் தருவன இப்புகையிலுள்ள பீனோல் முதலிய பொருள்களே. பற்றுயிர்களை ஓரளவு தடுப்பனவும் அவையே. கரி என்பது இப்பொருள்களை முன்னரே இழந்துவிட்ட மரம். ஆகையால் அது புகையின்றிச் சீராய்க் கனல்கின்றது. ஒரு கிலோ உலர்ந்த விறகு தரும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தை ஒரு கிலோ நற்கரி தரும். கரியில் மாத்திரம் புகையூட்டியதாகக் கூறுவோர், பெரும்பாலும் தணலில் ஒழுகிய மீன்கொழுப்பின் புகையையே மீனுக்கு ஊட்டியுள்ளனர். அப்புகை கசப்புடையது, புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்களும் அதில் உண்டு.

இரு மடங்கு வெப்பம் தருகின்றதென்று கேட்டவுடன் விறகையெல்லாம் கரியாக்க முற்படுதல் தவறு. மண்ணால் மூடிச் சுடும் சூளையில் ஒரு கிலோ கரி பெறுவதற்கு ஐந்து கிலோவுக்குக் குறையாத விறகு வேண்டும். விறகிலிருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் அச்சூளையிலேயே வீணாகின்றது. இதன்பொருட்டுக் காட்டுப் பாலையையும் வீரையையும் வெட்டுவது எவ்விதத்திலும் நியாயமாகாது. ஒதுக்குக் காட்டில் வெட்டுதல் தண்டனைக்குரிய குற்றமுமாகும். கரியாக்குவதற்குரியது வீட்டிலே சேரும் சிரட்டை. நூறு கிலோ காய்ந்த சிரட்டையிலிருந்து முப்பது கிலோ அளவிற் கரி கிடைக்கும். அக்கரி கடினமானது, நெடுநேரம் கனலத்தக்கது. பனை வளமுள்ள இடங்களில் பூரான் எடுத்த பின் எஞ்சும் ஊமலும் இவ்வாறே நல்ல கரி தரும்.

தும்பு நீக்கி நன்றாய் உலர்த்திய சிரட்டையைக் குழியிலோ தகரப் பீப்பாயிலோ சிறிதளவு இட்டு மூட்டி, தீ பற்றியபின் மேலும் மேலும் அடுக்கடுக்காய்ச் சேர்க்க வேண்டும். வெண்புகை குறைந்து மெல்லிய நீலப்புகை காணும் வேளையில் மூடியிட்டு, விளிம்பைச் சேற்றால் காற்றுப் புகாதவாறு பூசிவிட வேண்டும். மறுநாள் ஆறிய பின்னரே திறக்கலாம். திறந்த கரியை உடனே சாக்கில் அடைத்து வீட்டினுள் வைத்தலாகாது. உள்ளே ஒளிந்திருக்கும் கனலும், புதுக்கரி காற்றோடு சேர்ந்து தானே சூடேறும் இயல்பும் தீயை விளைக்கும். ஒரு முழு நாள் வெளியிற் பரப்பி வைத்த பின்னரே களஞ்சியப்படுத்தல் வேண்டும்.

மீன் சுடும்போது பொறுமையே பெரிதும் வேண்டப்படுவது. காய்ந்த தென்னோலை அல்லது பன்னாடையாற் கரியை மூட்டலாம். மண்ணெண்ணெய் வேண்டாம், அதன் நாற்றம் மீனில் ஏறிவிடும். கரியின் மேல் வெண்சாம்பல் படியும்வரை, ஏறக்குறைய அரை மணித்தியாலம், காத்திருத்தல் வேண்டும். சுவாலையிற் சுட்ட மீன் வெளியே கருகி உள்ளே பச்சையாயிருக்கும். தணலை ஒருபுறம் ஒதுக்கி, மறுபுறத்தில் மீனை வைத்தால் கொழுப்புத் தணலில் ஒழுகாது.

புகையூட்டலுக்கு வீட்டுத்தோட்டத்தில் கவ்வாத்துச் செய்த கொய்யா, மா, புளி ஆகியவற்றின் கிளைகள் போதியவை. இரண்டொரு மாதம் நிழலில் உலர்த்தியிருத்தல் வேண்டும். விறகை நீரில் நனைத்தாற் புகை மிகும் என்பது பலரது எண்ணம். அவ்வாறு செய்யும்போது முதலில் எழுவது நீராவியே; பின்னர் வருவது காரமான கரும்புகை. உலர்ந்த விறகுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுத்தாலே நல்ல புகை கிடைக்கும். தென்னம் பொச்சும் உதவும். அலரிக் கட்டையை அடுப்பங்கரைக்கே கொண்டுவரலாகாது. அது முழுவதும் நச்சுடையது. களப்போரத்துத் தில்லையின் பாலும் புகையும் கண்ணுக்குத் தீங்கானவை. வேலியிற் செழித்து நிற்கும் கிளிசிரிடியாவைப் பலர் எளிதாய்க் கைக்கொள்வர். ஆனால் அதன் தாயகமான மத்திய அமெரிக்காவில் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைப்பது வழக்கம். ஆகவே அதன் தழையை வயலுக்கு இட்டுக்கொள்வதே நன்று. வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய கம்பம் முதலியவற்றையும் விலக்குதல் வேண்டும்.

புகைக்கூடாக ஒரு பழைய தகரப் பீப்பாய் போதும். கிருமிநாசினியோ களைநாசினியோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுத்தலாகாது. நாக முலாம் பூசிய தகரமும் சூட்டில் நச்சாவியை விடும். எண்ணெய்ப் பீப்பாயாயின் உள்ளே பெருந்தீ மூட்டி நன்றாய் எரித்த பின் உபயோகிக்கலாம். அதற்கு முன் மேல்மூடியை முற்றாக அகற்றிவிட வேண்டும், மூடிய பீப்பாய் வெடிக்கும். அடியில் ஒரு வாயில் வெட்டி, மேலே இரும்புக் கம்பிகளைக் குறுக்காக வைத்து மீனைத் தொங்கவிட வேண்டும்.

குடல், செவுள் நீக்கி முதுகுவழியே பிளந்த மீனை, நான்கு லீற்றர் நீருக்கு ஒரு கிலோ உப்பு என்ற அளவிற் கரைத்த நீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, காற்றோட்டத்தில் ஈரம் வடியத் தூக்கவேண்டும். மேற்புறம் உலர்ந்து மெல்லிய பளபளப்புக் காணும் வேளையிற்றான் புகை நன்றாய்ப் பற்றும். ஈரமீனிற் புகை கரியாய்ப் படியும். தொடக்கத்தில் மென்சூட்டிற் புகையூட்டி, பின்னர் 80 பாகை செல்சியசு அளவுக்குச் சூட்டை உயர்த்தி மீனை உள்வரை வேகச் செய்தல் வேண்டும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம் செல்லும். இங்கே விறகும் கரியும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன: அடியிற் சிரட்டைக்கரித் தணல் சீரான சூட்டைத் தரும், அதன்மேல் அவ்வப்போது வைக்கும் இரண்டொரு விறகுத்துண்டு புகையைத் தரும். செனகல் நாட்டுத் தியாரோயில் 2008-ஆம் ஆண்டளவில், ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனத்தின் துணையுடன் வகுக்கப்பட்ட புகையடுப்பும் இம்முறையைத் தழுவியதே. அதிற் கரிச்சூடு வேறாகவும் புகை வேறாகவும் மீனைச் சேர்கின்றன. ஒழுகும் கொழுப்பைத் தணலிற் படாமல் ஒரு தட்டு ஏந்திக்கொள்கின்றது.

புகை பட்டதனாலேயே மீன் கெடாது என்று நம்பியிருத்தல் ஆபத்தானது. மாலைதீவிலிருந்து வரும் மாசி மாதக்கணக்கில் இருப்பது, அவித்துப் புகையூட்டிய பின் கல்லாய் இறுகும்வரை வெயிலில் உலர்த்தப்படுவதனாலேயே. மேற்கூறியவாறு புகையூட்டிய மீன் உள்ளே இன்னும் ஈரமானது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதனை ஒரு நாளுள் உண்டுவிட வேண்டும். கூடிய நாள் வைக்க விரும்புவோர், முறியும் பதம் வரும்வரை மேலும் பல நாள் உலர்த்திக்கொள்ளல் வேண்டும். ஈரமுள்ள மீனைப் பொலித்தீன் பையிற் காற்றுப் புகாமற் கட்டிவைத்தால், கொடிய நஞ்சை உண்டாக்கும் பற்றுயிர் வளர இடமுண்டாகும்.

இன்னுமோர் எச்சரிக்கை. விறகின் புகை கண்ணை எரித்து ஆளை வெளியே துரத்தும்; கரியோ புகையுமின்றி மணமுமின்றிக் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். மழைக்கு ஒதுங்கிக் கதவடைத்த குடிசையினுள் கரிச்சட்டியை வைத்து உறங்கியோர் உயிரிழந்ததுண்டு. தலைவலியும் மயக்கமும் கண்டால் உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

எஞ்சும் சாம்பல் பொட்டாசியம் உடையதாதலால் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு உதவும். மீன் உப்பு ஒழுகிய சாம்பலை விலக்கி, ஏனையதை மெல்லிதாய்த் தூவி மண்ணோடு கலந்துவிடலாம். யூரியாவுடன் சேர்த்து இடலாகாது. இட்டால் அதன் தழைச்சத்து வாயுவாய்ப் போய்விடும்.