தூளியா, அம்மா பக்கத்துக் கட்டிலா? பச்சிளங்குழந்தைக்குப் படுக்கை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டாக்டர் பிரசவத் தேதி சொன்ன வாரத்திலேயே வீட்டில் ஆரம்பித்துவிடும் பேச்சு இது: பிள்ளையை எங்கே படுக்க வைப்பது?

மரக்காணம் அடுத்த பிரம்மதேசத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். (தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. நாம் சொல்வது உப்பளப் பக்கத்து பிரம்மதேசம்.) பாட்டி தூளி கட்ட உத்தரத்தைப் பார்ப்பார். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா, ஆன்லைனில் பார்த்த 'பெட்சைடு காட்' படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ராத்திரி நாலு முறை எழுந்து பால் கொடுக்கப்போகும் அம்மாவுக்கு, பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

இந்த மூன்றில் அம்மா கேட்பதுதான் மருத்துவ வழிகாட்டுதலுக்கு மிக அருகில் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022 ஜூனில் புதுப்பித்த பரிந்துரை இதைத்தான் சொல்கிறது: குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். விரிப்பைத் தவிர அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளையை மல்லாக்கப் போட வேண்டும்.

பெட்சைடு காட் என்பது இதற்காகவே வந்த சிறு கட்டில். மூன்று பக்கம் தடுப்பு இருக்கும், அம்மா பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கும். பெரிய கட்டிலோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால், எழுந்து நடக்காமலே பிள்ளையைத் தூக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் எந்தக் கட்டிலை வாங்குகிறோம், எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் சிக்கலே.

தூளியில் என்ன பிரச்னை?

"என் பிள்ளைங்க அஞ்சும் தூளியிலதான் வளர்ந்துச்சு" என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒரு பாட்டி இருப்பார். அது உண்மைதான், மறுக்க முடியாது. பழைய பருத்திச் சேலை, காற்றோட்டம், எறும்பும் பூச்சியும் எட்டாத உயரம் என்று தூளிக்கு நல்ல குணங்கள் நிறைய.

பிரச்னை அதன் வளைவு. பிறந்த குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசைக்கோ பலம் கிடையாது. துணி குழிந்து முதுகு வில்லாக வளையும்போது தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழாய் மென்மையான குழாய், ஸ்ட்ரா மடங்குவது போல அது மடங்கும். பெரியவர்கள் தூக்கத்திலேயே தலையைச் சரிசெய்துகொள்வோம், ஒரு மாதக் குழந்தையால் முடியாது. இதில் கத்தலும் இருக்காது, திமிறலும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம். துணியின் இரண்டு ஓரமும் மேலே கூடிக்கொண்டால் முகத்துக்கு நேரே காற்றும் குறையும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நடுவில் தொட்டில் கட்டை செருகுகிறார்கள். கட்டை துணியை விரிக்கும், ஆனால் முதுகு வளைவதைச் சரிசெய்யாது.

இது தூளிக்கு மட்டுமான குறை இல்லை. ஃபிஷர்-ப்ரைஸ் நிறுவனத்தின் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுத் தொட்டில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட பொருள். 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 2023 ஜனவரியில் அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மறுபடி எச்சரித்தபோது, பதிவான மரணங்களின் எண்ணிக்கை சுமார் 100. இடையில், 2022 மே மாதம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று சட்டம் வந்தது. 10 டிகிரி என்றால் எவ்வளவு? 60 செ.மீ. நீளப் படுக்கையில் தலைமாடு 10 செ.மீ. உயர்ந்தாலே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். தூளியின் வளைவு அதைவிட எவ்வளவு அதிகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அதற்காகத் தூளியே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. அழும் பிள்ளையை ஆட்டி அமைதிப்படுத்த, ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது தூளி பயன்படும். ராத்திரித் தூக்கத்துக்கு அது வேண்டாம். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். முதல் சில நாள் எடுத்தவுடன் முழித்துக்கொள்ளும், பொறுத்துக்கத்தான் வேணும். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தை என்றால் தூளி பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூளியில் ஊஞ்சல் ஆடி, சேலை கழுத்தில் இறுகி இறந்ததாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த செய்திகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தைகள் இல்லை, பள்ளிக்கூடம் போகும் அண்ணன், அக்காக்கள். பெரியவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் நடப்பது அது. பிள்ளை உள்ளே இல்லாதபோது தூளியைச் சுருட்டி, சின்னப் பசங்களுக்கு எட்டாத உயரத்தில் முடிந்துவிடுங்கள்.

கட்டில் வாங்கும்போது ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க

கட்டிலில் ஆபத்து வருவது பெரும்பாலும் இடைவெளியில். குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் சந்து, முகம் புதைந்துகொள்ளும் பிளவு இரண்டுமே உயிரைப் பறிப்பவை.

கம்பி வைத்த கட்டில் என்றால் இரண்டு கம்பிக்கு நடுவே 6 செ.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியதல்ல. கூடவே வந்த மெத்தையை எடுத்துவிட்டு வேறு தடிமனான மெத்தை போடுவது நம்ம வீடுகளில் சகஜம். அப்படிச் செய்தால் தடுப்பின் உயரம் குறைந்துபோகும், ஓரத்தில் சந்தும் விழும்.

பெட்சைடு காட்டில் அதைவிட முக்கியமானது, பெரிய கட்டிலோடு அது சேரும் இடம். அங்கே ஒரு விரல்கூட நுழையக் கூடாது. கட்டும் பட்டை தினமும் கொஞ்சம் தளரும், அதனால் ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஈ.என். 1130 தரத்தின் 2019 பதிப்பு, தாழ்த்திய பக்கத்திலும் மெத்தைக்கு மேல் குறைந்தது 12 செ.மீ. தடுப்பு கேட்கிறது. குழந்தை பெரிய கட்டிலுக்கு உருண்டு வராமலும், அம்மாவின் போர்வை அந்தப் பக்கம் போகாமலும் இருக்க அது உதவும். ஒரு பக்கம் முழுசாகத் திறந்து கிடக்கும் மாடல்களை ஆன்லைனில் காட்டினால் தாண்டிப் போய்விடுங்கள். கால்களைத் தனித்தனியாக உயர்த்தி, 'பால் எதுக்களிக்காமல் இருக்க' தலைப்பக்கம் சாய்க்கும் வசதியும் விளம்பரத்தில் வரும். சாய்வு வேண்டாம், நாலு காலும் ஒரே உயரம்.

மல்லாக்கப் போட்டால் பால் புரையேறாதா? அதிகம் கேட்கப்படும் கேள்வி. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது பொம்மைகளுக்கு. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருட்களுக்கான உத்தரவு அது, தொட்டில் விளையாட்டுப் பொருள் இல்லை. 'சர்வதேசத் தரம்' என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்தத் தரம், எந்த எண் என்று விற்பவரைக் கேளுங்கள்.

உப்புக் காற்றும் பழைய தொட்டிலும்

மரக்காணம் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி. உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தூளி தொங்கும் கொக்கி, ஸ்பிரிங் தொட்டிலின் ஸ்பிரிங், மடக்குக் கட்டிலின் ஸ்க்ரூ எல்லாம் அதே இரும்புதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே அரித்திருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு முடுக்கையும் கையால் திருகிப் பாருங்கள். கொக்கியில் துரு உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள், அது பெரிய செலவில்லை.

அக்கா பிள்ளைக்கு வாங்கியது, தாய் வீட்டுச் சீராக வந்தது என்று பழைய மரத்தொட்டில்கள் கைமாறுவது நல்ல வழக்கம். ஆனால் பெயின்டைக் கவனியுங்கள். வீட்டு உபயோக பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன் பூசிய தொட்டிலின் ஓரத்தைப் பல் முளைக்கும் பிள்ளை கடிக்கும். பக்கப் பலகை மேலும் கீழும் இறங்குகிற பழைய கட்டில்களையும் தவிருங்கள். பலகை கழன்று குழந்தைகள் மாட்டிக்கொண்டதால் அமெரிக்கா 2011 ஜூனில் அவற்றைத் தடை செய்தது.

உள்ளே என்ன வைக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். சொல்லச் சுலபம், வீட்டில் சண்டை வருவது இங்கேதான்.

தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் அணைக்கட்டாக உருளைத் தலையணை, காத்து கருப்பு அண்டாமல் இருக்க இரும்புத் துண்டு, கைகளில் வசம்பு வளையல். தலையணை எதுவாக இருந்தாலும் முதல் வருஷம் வேண்டாம். இரும்பு வைத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் கட்டிலுக்கு அடியில் வையுங்கள், அவர்கள் மனசும் நோகாது. பஞ்சு வைத்த ஓரத் தடுப்பு மெத்தைகள் பார்க்க அழகு, ஆனால் முகம் புதையும் என்பதால் சாய்வுத் தொட்டிலைத் தடுத்த அதே 2022 சட்டம் அவற்றையும் தடுத்தது.

மெத்தையை உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். குழி உடனே நிமிர வேண்டும். புது இலவம்பஞ்சு மெத்தையில் குழி அப்படியே நிற்கும். பெரியவர்களுக்கு அது சுகம், பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. கொசுவலையைத் தவிர்க்க முடியாது, கழுவேலி ஏரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வலை தொய்யாமல் விறைப்பாக, பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருந்தால் சரி. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-ல் தொடங்கப்பட்ட 'அம்மா' பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குட்டி மெத்தையும் கொசுவலையும் இருந்தன. கெட்டியான தரையில் விரித்த மெல்லிய மெத்தை, விலை உயர்ந்த கட்டிலைவிடப் பாதுகாப்பாக இருக்க முடியும்.

கட்டிலே இல்லாத வீட்டில்?

தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு பெட்சைடு காட் பொருந்தாது. கயிற்றுக் கட்டிலிலும் அதைக் கட்ட முடியாது, கயிறு தொய்யும்போது சந்து விழும். அப்படியிருந்தால் நாலு பக்கமும் தடுப்பு ஏற்றிய தனிக் கட்டிலாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில், சுவரிலிருந்து தள்ளி, பிள்ளைக்கென்று தனி விரிப்பு. மழைக்காலத்தில் தரையை நம்ப முடியாது என்பதும் தெரியும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிய மாவட்டம் இது. எடுத்து நகர்த்தக்கூடிய லேசான கட்டிலுக்கு அங்கேதான் மதிப்பு.

படுத்தபடி பால் கொடுத்து அப்படியே தூங்கிவிடுவது எல்லா அம்மாக்களுக்கும் நடப்பதுதான். முழிப்பு வந்ததும் பிள்ளையைத் தன் இடத்தில் மாற்றிப் போடுங்கள். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையை மேலே போட்டுக்கொண்டு தூங்குவது இதைவிடப் பல மடங்கு ஆபத்து. பக்கத்தில் படுப்பவர் குடித்திருந்தால், புகைபிடிப்பவராக இருந்தால், அல்லது பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால், ஒரே படுக்கை கூடவே கூடாது.

மருத்துவமனைப் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிமுறை. எடை பார்த்து, தொப்புள் பார்த்து முடித்ததும், "இது தூங்குற இடத்தையும் பாத்துட்டுப் போங்க" என்று நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ல் கேட்கலாம்.

பெட்சைடு காட் வாங்குபவர்கள் கடைசியாகப் பார்க்க வேண்டியது, அது எத்தனை நாளைக்கு என்பது. கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்த அன்றே, அதாவது பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதத்தில், அதன் வேலை முடிந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட எடை வரம்பை அதற்கு முன்பே தாண்டிவிட்டால் அப்போதே நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.